படகைச் சுற்றி வைத்த வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டில் படகு என் மனைவியுடையது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மெல்பேர்னின் மேற்கோரத்தில், வெரிபீயில் எங்கள் வீட்டு வாசலில், ட்ரெயிலர் மேல் நிற்கும் அந்தப் பதினாறு அடிப் படகைப் பார்க்கிற எல்லாரும் என்னிடம்தான் வந்து, "இப்ப என்ன மீன் பிடிபடுது அண்ணை?" என்று கேட்பார்கள். நான் வீட்டுக்குள்ளே கையைக் காட்டுவேன்.

"அவவிட்டக் கேளுங்கோ. கழுவுறதும் மூடுறதும்தான் என்ர வேலை."

பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் நடப்பு. அவள் கடலோரத்து வல்வெட்டித்துறை, நான் கடலில்லாத சுன்னாகம். எங்கள் ஊரில் கடல் என்பது காலையில் மீன்காரரின் சைக்கிள் பெட்டியில் வந்து சேருவது. அதற்கு மேல் அதைப்பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆழமான தண்ணீர் என்றால் கிணறு, அதற்கும் சுற்றிவரக் கட்டு உண்டு. கலியாணம் பேசியபோது சாதகம் பார்த்தார்கள், படிப்புப் பார்த்தார்கள், இந்த வித்தியாசத்தை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

மெல்பேர்னுக்கு வந்து இருபது வருடம் டண்டினொங்கில் இருந்தோம். என் வேலையும் அங்கேதான். ஒரு பெரிய பண்டகசாலையில் பெட்டிகளைப் பலகைகளில் அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி, லொறியில் ஏற்றி அனுப்புவது. அவள் முதியோர் இல்லத்தில் நேர்ஸ். பிள்ளைகள் இருவரும் தங்கள் தங்கள் பாட்டில் போனபிறகு, வேறு வீடு பார்ப்போம் என்றாள். பல இடம் பார்த்து அவள் தேடிப் பிடித்த இடம் வெரிபீ. கோயிலும் தூரம், என் வேலை அதைவிடத் தூரம். நகரத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அன்றிலிருந்து இன்றுவரை தினமும் காரோடிக்கொண்டிருக்கிறேன். ஏன் இந்த இடம் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. குடிபுகுந்து மூன்றாம் மாதம் வாசலில் படகு வந்து நின்றபோதுதான் விளங்கியது. கடலுக்குள் படகு இறக்கும் சரிவு, வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிடத்தில் இருந்தது.

அது ஒரு மே மாதம். குளிர் தொடங்குகிற நேரம் என்பதால் மலிவாகக் கிடைத்தது. இங்கே தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் பாதிப் பேர் படகை மூடி வைத்துவிடுவார்கள். ஒக்ரோபரில் ஸ்னாப்பர் மீன் விரிகுடாவுக்குள் வரும்போதுதான் மூடி வைத்தவற்றைத் திறப்பார்கள். நானும் கடையில் ஒரு நீலத் தறப்பாள் வாங்கிக் கட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்தேன். மழைத்தண்ணீர் நடுவில் குளம்போலத் தேங்கியது. மூன்றாம் கிழமை அடித்த காற்றில் தறப்பாள் கிழிந்து பக்கத்து வீட்டு வேலியில் போய்த் தொங்கியது. படகின் இருக்கைகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது.

அவள் இருக்கையைத் துடைத்தபடி சொன்னாள்: "ஊராற்ற சாமானெல்லாம் நாள் முழுக்கச் சுத்தி ஏத்திறீங்கள். வீட்டுச் சாமானைச் சுத்தத் தெரியேல்லை."

எனக்குச் சுருக்கென்றது. என் கையால் சுற்றிய பலகை ஒன்றுகூட இன்றுவரை வழியில் சரிந்ததில்லை. அந்த ஒரு பெருமையைத்தான் நான் இந்த நாட்டில் தேடி வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமையே, படகுகளுக்கென்று விற்கிற தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் சுருள் ஒன்றும், காஸ் சிலிண்டரில் பூட்டி நெருப்புக் காற்றை ஊதுகிற துவக்குப் போன்ற கருவி ஒன்றும் வாங்கி வந்தேன். சூடு பட்டால் அந்தப் பிளாஸ்டிக் சுருங்கி, மேளத்தோல்போல இறுகிவிடும்.

சொல்வதற்கு இலேசு. முதலில் படகைக் கழுவ வேண்டும். இயந்திரத்துக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட்டு உப்பை எடுக்க வேண்டும். பற்றரியைக் கழற்ற வேண்டும். மழை வழிந்தோடுவதற்கு முன்னிருந்து பின்வரை கூரை முகடு போல ஒரு பட்டியை இழுத்துக் கட்ட வேண்டும். கண்ணாடி மூலை, கம்பி, கொளுக்கி என்று கூராக இருப்பதெல்லாம் பிளாஸ்டிக்கைக் குத்தும் என்பதால் பழந்துணி சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு அவளுடைய பழைய நூல்சேலைகள். பிறகு பிளாஸ்டிக்கை மேலே போர்த்தி, படகின் விளிம்புக்குக் கீழே ஓடும் பட்டியில் மடித்து, சூடுகாட்டி ஒட்ட வேண்டும். இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் சூடு காட்ட, மற்றவர் எதிர்ப்பக்கம் நின்று இழுத்துப் பிடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் எப்போதும் அவள்தான். "இழும்!" என்பேன். "இழுத்துக்கொண்டுதான் நிக்கிறன், நீங்கள் சுடுங்கோ!" என்பாள். கருவியை ஓரிடத்தில் ஒரு கணம் கூடுதலாக வைத்திருந்தால் ஓட்டை விழும். முதல் வருடம் ஏழு ஓட்டை விழுந்தது. ஏழையும் அவள்தான் எண்ணினாள்.

முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தோம். விளிம்பு மடித்த பெரிய கொழுக்கட்டை ஒன்று ட்ரெயிலரில் இருந்தது. அவள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

படகை மூடும்போது செய்யவேண்டிய இன்னொன்று உண்டு. படகின் பின்புறத்தில், அடியில், கட்டைவிரல் போகுமளவு ஒரு துளை இருக்கும். அதற்கு ஒரு பித்தளை மூடி, திருகிப் பூட்டுவது. தரையில் நிற்கும்போது உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்காக அந்த மூடியைக் கழற்றிவிட வேண்டும். கடலில் இறக்கும்போது மறக்காமல் பூட்ட வேண்டும். கழற்றியதை எங்கே வைப்பது? குசினியில் கரண்டி போடும் லாச்சிக்குள் வைத்தால் தொலையும். கராஜில் வைத்தால் நான் வேறு எதற்காவது எடுத்துவிடுவேன். இந்த வீட்டில் ஒருவரும் எடுத்து இடம் மாற்றாத ஒரே இடம் சாமித்தட்டு என்று அவள் முடிவு செய்தாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் மூடி பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் விளக்கு வைக்கும்போது அதற்கும் ஒரு பூ விழுந்தது.

ஒக்ரோபரில் விஜயதசமியன்று படகைத் திறந்து இறக்குவது என்று ஒழுங்கு. முதல் நாள் ஆயுதபூசை. என் சுத்தியல், அவளுடைய இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, பிள்ளைகள் விட்டுப்போன பழைய கணினி, இவற்றோடு மூடியும் பூசையில் இருந்தது. காலையில் அவள் வெளியே படகின் மூக்குக்குப் பொட்டு வைத்து, ட்ரெயிலர் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைக்கிற வேலையில் இருந்தாள். "சாமி அறையை நீங்கள் பாருங்கோ" என்றாள். நான் குளித்து, திருநீறு பூசி, மூடிக்குச் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, பூ வைத்து, கற்பூரம் காட்டினேன். விழுந்து கும்பிட்டேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து காரில் ஏறினேன். ஆயுதபூசையில் வைத்த பொருளைத் தொடக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து அடித்துச் சொல்லி வளர்த்த கை. அன்று எடுக்கவேண்டிய நாள் என்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

சரிவில் தேங்காய் உடைத்து, தண்ணீரைப் படகுக்குள்ளும் தெளித்தாள். ட்ரெயிலரைத் தண்ணீருக்குள் பின்னால் விட்டாள். நான் படகுக்குள் இருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். படகு மிதந்தது. அவள் காரை நிறுத்திவிட்டு வரப் போனாள். கால் ஈரமாக இருந்தது. தேங்காய்த் தண்ணீர் என்று நினைத்தேன். சப்பாத்து நனைந்தபோதும், முழுத் தேங்காய்த் தண்ணீரும் இங்கேதான் ஊற்றினாளோ என்றுதான் யோசித்தேன். கணுக்காலுக்கு வந்த பிறகுதான் ஒரு தேங்காய்க்குள் இவ்வளவு தண்ணீர் இருக்காது என்று பட்டது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. "அம்மா" என்றுதான் கத்தினேனாம். இறங்குதுறையில் நின்ற ஒரு வெள்ளைக்காரர் என் கையிலிருந்த கயிற்றை வாங்கி இழுத்துப் பிடித்தார். அவள் ஓடிவந்து, ட்ரெயிலரைத் திரும்ப இறக்கி, படகை மேலே இழுத்தாள். பின்னால் இருந்த துளையால் தண்ணீர் குழாயைத் திறந்துவிட்டதுபோல நெடுநேரம் பாய்ந்தது.

"இஞ்சாருங்கோ, மூடி எங்க?"

"சாமி அறையில."

"அங்க என்ன செய்யுது?"

"பூசையில இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு அந்தச் சரிவின் ஓரத்திலேயே குந்தி இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெள்ளைக்காரர், எல்லாருக்கும் ஒருமுறை நடக்கிறதுதான் என்று என் தோளில் தட்டினார். அவருக்கு நடந்திருக்கலாம். ஆனால் மூடிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வந்திருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு நான் படகில் ஏறவில்லை. யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, "எனக்குக் கடல் சரிவராது" என்று முடித்துவிடுவேன். நல்ல சாட்டு. உண்மை என்னவென்றால் பயம். நீந்தத் தெரியாது; கணுக்கால்வரை வந்த அந்தக் குளிர் இரவில் படுத்த பிறகும் காலில் இருந்தது. அவளுக்கு இது தெரியும். ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.

அவளோடு கடலுக்குப் போனவர் அவளுடைய வேலையிடத்துச் சிநேகிதி. தன்னைவிட நாலு வயது மூத்த அவரை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியமுதல் இருவரும் தொப்பியும் போட்டு, ஃபிளாஸ்கில் தேத்தண்ணீரும் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருவர் ஓட்டினால் மற்றவர் நங்கூரம் இழுப்பார். மத்தியானம் மீனோடோ வெறுங்கையோடோ, முகம் சிவந்து, உப்பு மணத்தோடு வருவாள். கிழமை முழுவதும் முதியவர்களைத் தூக்கி இருத்திக் கழுவித் துடைத்துக் களைத்துக் கிடப்பவள், அந்த ஒரு மத்தியானம் மட்டும் குசினியில் பாட்டுப் பாடிக்கொண்டு மீன் வெட்டுவாள். அந்தக் குரலுக்காகத்தான் நான் ஒவ்வொரு மே மாதமும் முதுகு நோக நோகப் படகைச் சுற்றினேன். இதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

இப்படியே ஒன்பது குளிர்காலம் போயிற்று. ஒன்பதிலும் மூடி சாமித்தட்டில் இருந்தது. ஒவ்வொரு விஜயதசமிக்கும், "கும்பிட்டு முடிஞ்சால் எடுங்கோ" என்று வாசலில் நின்று கத்துவாள்.

இந்த வருடம் பெப்ரவரியில், குளியலறையில் வழுக்கி விழப்போன ஒரு முதியவரைத் தாங்கப்போய் அவளுடைய வலது தோளில் தசைநார் பிய்ந்துவிட்டது. சத்திரசிகிச்சை செய்தார்கள். கை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயரவில்லை, பிடியும் போய்விட்டது. பிடி வருவதற்கு ஒரு இறப்பர்ப் பந்து கொடுத்திருந்தார்கள். அதை அமத்த வேண்டும். அது அவள் கையிலிருந்து நழுவி சோபாவுக்குக் கீழே உருளும், நான் குனிந்து எடுத்துக் கொடுப்பேன். விறாந்தைச் சுவரில் விரல்களை நடத்தி மேலே ஏற்றுகிற பயிற்சி ஒன்றும் இருந்தது. எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். டண்டினொங் வீட்டுச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தையும் இப்படித்தான் குறித்தோம். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் கிடந்தன. ஏப்ரலில் அந்த அக்காவும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சிட்னிக்கு, குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் மகளிடம் ஒரேயடியாகப் போய்விட்டார். போகும்போது தொப்பியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்.

மே மாதம் ஒரு புதன்கிழமை மாலை விளக்கேற்றப் போனேன். பெப்ரவரியிலிருந்து படகு இறங்காததால் சாமித்தட்டிலேயே இருந்த மூடி அங்கே இல்லை. முதலில் நான்தான் எங்கோ வைத்துவிட்டேனோ என்று பதறினேன். பிறகு பார்த்தால் குசினி மேசையில் ஒரு பெரிய கடித உறை இருந்தது. அதற்குள் படகின் பதிவுப் பத்திரம், இயந்திரத்தை முடுக்கும் திறப்பு, அவற்றோடு மூடி. மூடியில் இருந்த சந்தனத்தைத் துடைத்திருந்தாள்.

"இதென்ன?"

"வள்ளத்தைக் குடுக்கப்போறன். இன்ரநெற்றில போட்டனான். சனிக்கிழமை ஒரு ஆள் பாக்க வருது."

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லையே நீர்."

அவள் இடது கையால் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கோப்பை தந்தாள். "இதில சொல்ல என்ன கிடக்கு? தனியப் போறதெண்டால் கை வேணும். கை இல்லாட்டில் கூட ஒரு ஆள் வேணும். எனக்கு இப்ப ரெண்டும் இல்லை."

குரலில் கோபம் இல்லை. குத்திக் காட்டவும் இல்லை. கடையில் சீனி முடிந்துவிட்டது என்பதுபோலச் சொல்லிவிட்டு, ரிவியைப் போடப் போய்விட்டாள். அதைச் சொன்னபோது நான் அவளுக்கு இரண்டடி தூரத்தில், கையில் கோப்பையோடு நின்றேன். முப்பத்திரண்டு வருடம் கூடவே இருக்கிற ஒரு முழு ஆம்பிளை. ஆள் இல்லை என்கிறாள். அது பிழையுமில்லை.

வியாழன் முழுவதும் வேலையில் பலகைகளைச் சுற்றும்போது அதே யோசனை. வேண்டாம், விற்காதே என்று சொல்லலாம். சொன்னால், அப்படியென்றால் வாசலில் வைத்து என்ன செய்வது என்பாள், நியாயமான கேள்வி. வாயால் சொன்னால் வாய்ப்பேச்சாகத்தான் போகும். பொழுதுபட வீட்டுக்கு வரும்போது மேற்பார்வையாளரிடம் வெள்ளிக்கிழமை லீவு கேட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

வெள்ளி காலை அவள் வாடகைக் காரில் தோள் பயிற்சிக்கும், பிறகு இரத்தப் பரிசோதனைக்கும் போனாள். மத்தியானத்துக்கு முன் வரமாட்டாள். கார் தெருமுனை திரும்பியதும் முதல் வேலையாக உறையிலிருந்து மூடியை எடுத்துச் சாமித்தட்டில் வைத்தேன். சந்தனமும் வைத்தேன். பிறகு கராஜைத் திறந்து பிளாஸ்டிக் சுருளை உருட்டி வெளியே எடுத்தேன்.

சுற்றிய படகை ஒருவருக்கும் காட்ட முடியாது. உள்ளே ஏறிப் பார்க்க முடியாது, இயந்திரத்தை முடுக்கிப் பார்க்க முடியாது. அவ்வளவுதான் என் திட்டம். பெரிய மூளைசாலித்தனம் ஒன்றும் இல்லை.

ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஆள் இல்லாமல் படகு சுற்றுவது எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் வழுக்கி வந்தது. ஓடிப்போய் அந்தப் பக்கம் இழுத்தால் இந்தப் பக்கம் காற்று தூக்கியது. தண்ணீர் நிரப்பிய வாளிகளைக் கட்டித் தொங்கவிட்டேன். பழக்கதோஷத்தில் இரண்டு முறை "இழும்!" என்று கத்தியும்விட்டேன். எதிர்வீட்டுக்காரர் யன்னலால் பார்த்தார். கண்ணாடி மூலைகளுக்கு அவளுடைய ஊதாச் சேலையைச் சுற்றும்போது எனக்குக் கண் கலங்கியது. ஒன்பது வருடமாக அவள் எதிர்ப்பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றதில் எவ்வளவு பாரம் இருந்தது என்று, ஆள் நிற்காதபோதுதான் என் கைகளுக்குத் தெரிந்தது. கடலில் அவளுக்கு எதிர்ப்பக்கமாக நான் ஒருநாளும் நின்றதில்லை.

சூடு காட்டி முடித்துக் கடைசி ஓட்டைக்கு ஒட்டு வைத்துக்கொண்டிருக்கும்போது கார் வந்து நின்றது.

அவள் இறங்கினாள். கைப்பையோடு படகைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பின்பக்கத்தில் நின்று, இடது கை விரலால் பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"இதில ஒரு இடம் இளகிக் கிடக்கு."

"பாக்கிறன்."

"எத்தினை ஓட்டை?"

"பதினொண்டு."

"நானில்லாமல் சுத்தினால் அப்பிடித்தான்." கைப்பையைக் கீழே வைத்தாள். "நாளைக்கு ஆள் வருதெல்லே. என்னத்தைக் காட்டுறது?"

"கொழுக்கட்டையைக் காட்டும்."

"பகிடி விடாதேங்கோ. ஒக்ரோபரில இதைத் திறந்து போட்டு ஆர் நங்கூரம் இழுக்கிறது?"

காலையிலிருந்து இந்தக் கேள்விக்குத்தான் மறுமொழி ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். நீளமான மறுமொழி. வரவேண்டிய நேரத்தில் ஒரு சொல்தான் வந்தது.

"நான்."

"உங்களுக்கு நீந்தத் தெரியாது."

"லைஃப் ஜக்கெற் கிடக்குத்தானே. நங்கூரம் கயிற்றில கிடக்கும், நான் வள்ளத்தில கிடப்பன். நீந்துற வேலை எங்க வருது?"

"பயமில்லையோ?"

"பயம்தான்" என்றேன். "பயமெண்டால் ஏறக்கூடாதெண்டு ஏதும் சட்டமிருக்கோ?"

அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டது. "அந்த இளகின இடத்தைச் சுடுங்கோ, நான் பிடிக்கிறன்" என்றாள், திரும்பாமலே. இடது கையால் பிடித்தாள். சுட்டேன்.

சனிக்கிழமை வந்த மனிதர் நல்லவர். நெடுந்தூரம் ஓடி வந்திருந்தார். வெள்ளைப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். மன்னிக்க வேண்டும், மனதை மாற்றிவிட்டோம் என்று அவளே சொன்னாள். அவருக்குத் தேத்தண்ணீரும் றோல்சும் கொடுத்தாள். போகும்போது அவர், இவ்வளவு இறுக்கமாகச் சுற்றியது யார் என்று கேட்டார். "என்ர மனுசன்" என்பதை ஆங்கிலத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னாள்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு வகுப்பு நடந்தது. கயிற்றின் ஒரு நுனியைச் சாப்பாட்டுமேசைக் கதிரையின் காலில் கட்டி, முடிச்சுப் போடச் சொல்வாள். பிழையாகப் போட்டால், "இதில கட்டினால் வள்ளம் தஸ்மேனியாவுக்குப் போய் நிக்கும்" என்பாள். இன்னொரு பக்கம் அவளுடைய பந்து. பத்துத் தரம் அமத்த வேண்டும். நாலாவதில் கை சோர்ந்துவிடும். சுவரில் கோடுகள் ஓகஸ்டில் இரண்டு விரல் அகலம் மேலே போயின. பிடிதான் வரவில்லை. "கை எழும்பினாலும் இந்தக் கையால ஒண்டையும் பிடிக்கேலாது" என்று ஒருநாள் பந்தைத் தூக்கி எறிந்துவிட்டாள். நான் தேடி எடுத்துத் துடைத்து அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

விஜயதசமியன்று பிளாஸ்டிக்கை வெட்டித் திறந்தோம். உள்ளே பூஞ்சணம் இல்லை. உலர்ந்த சேலை மணமும் பழைய உப்பு மணமும் வந்தன. சாமி அறையில் கற்பூரம் காட்டி முடித்ததும் மூடியை நானே எடுத்தேன், நானே திருகிப் பூட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். சரிவுக்குப் போனதும் திரும்பவும் இறங்கிப் போய்ப் பார்த்தாள். படகு தண்ணீரைத் தொடுவதற்கு முன், "மூடி?" என்றாள். "போட்டாச்சு" என்றேன். அதற்குப் பிறகும் பார்த்தாள்.

ஏறினேன். அக்கா விட்டுப்போன தொப்பியை அவள் என் தலையில் வைத்தாள். கரை சிறுத்துக்கொண்டே போனபோது நான் கரையைப் பார்க்கவில்லை, என் சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்திருந்தது.

"கீழ பாக்காதேங்கோ. தேங்காய்த் தண்ணியும் இல்லை, ஒண்டும் இல்லை" என்றாள்.

ஆழம் குறைந்த ஓரிடத்தில் நங்கூரம் போட்டோம். போடுவது பெரிய வேலையில்லை, அதன்பாட்டில் போகும். இரண்டு மணித்தியாலம் இருந்தோம். ஒரு மீனும் கிடைக்கவில்லை. அவள் தேத்தண்ணீரை ஊற்றிவிட்டுப் பாடத் தொடங்கினாள். குசினிக்குள் கேட்ட அதே பாட்டு. கடலில் கேட்டால் இப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பிறகு காற்று மாறியது. போகவேண்டும் என்றாள். நான் படகின் மூக்குக்குப் போய் முழங்காலில் நின்று கயிற்றை இழுத்தேன். கயிறு குளிர்ந்து வழுக்கியது. நங்கூரம் எதிலோ மாட்டியிருந்தது. அலை தூக்கிப்போட, நான் முன்னே குனிந்துவிட்டேன்; முகத்துக்கு நேரே தண்ணீர். கத்த வாய் திறந்தது. அந்த நேரம் பின்னால் என் லைஃப் ஜக்கெற்றை ஒரு கை பிடித்தது.

"விடமாட்டன். இழுங்கோ" என்றாள்.

இழுத்தேன். மூச்சு வாங்க வாங்க, சேறும் பாசியுமாக நங்கூரம் மேலே வரும்வரை அந்தப் பிடி தளரவில்லை. படகுக்குள் அதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். விழாமலிருக்க அவள் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பிடித்திருந்தது வலது கை.